எண்ணெய்க் காசு கொடுத்தவன்

அத்தியாயம் 5

மலர் கட்டிய பிணைப்பணம் எங்கே போனது என்று கண்டுபிடிக்கத் தாமரைக்குக் காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. எடுத்தவன் யார் என்பதுதான் வாரக்கணக்கில் பிடிபடாமல் இருந்தது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் குகனின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. ஒரு வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில் தலைமுடி நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர் அவர். அவருடைய உதவியாளர் தாமரை. கணினியில் கெட்டிக்காரி. வாய் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது.

மலர் பங்சாரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்தாள். அவளுடைய ஒரே தம்பி கிஷன். தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ் வேலை, தங்குமிடம் இலவசம் என்று ஆசை காட்டி எவனோ அவனை விமானம் ஏற்றிவிட்டான். இறங்கியதும் எல்லைக்கு அப்பால் ஒரு மதில்சுவருக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே இரவு பகலாக இணையத்தில் ஊரை ஏமாற்றும் வேலை. செய்யாதவனுக்கு அடி. ஒருநாள் வீடியோ அழைப்பில் கிஷனைக் காட்டினார்கள். அவன் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பணம் வந்தால் விடுவோம், பேங்க் வழியாக வேண்டாம், டிஜிட்டல் காயினாக அனுப்பு என்றார்கள். மலர் தன் கல்யாணத்துக்குச் சேர்த்திருந்த நகையை விற்று, கூட வேலை செய்பவர்களிடம் கைநீட்டி, சொன்னபடி அனுப்பினாள். தம்பி வரவில்லை. இன்னொரு தடவை பணம் கேட்டுச் செய்திதான் வந்தது.

காவல்துறையில் புகார் கொடுத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் இர்ஃபான் நல்ல மனிதர். குகனுக்குப் பழைய பழக்கம். ஆனால் அவருடைய அதிகாரம் எல்லைக்கோட்டோடு நின்றுபோனது.

அன்று காலை மலர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். பணம் போகும் வழியெல்லாம் திரையில் தெரிகிறதே, அப்புறம் ஏன் பிடிக்க முடியவில்லை?

"அக்கா, இது கண்ணாடியில செஞ்ச பேங்க் மாதிரி" என்றாள் தாமரை. "யாரோட பொட்டியில எவ்வளவு இருக்கு, எந்தப் பொட்டிக்குப் போவுது, எல்லாத்தையும் உலகமே பாக்கலாம். பொட்டி மேல பேரு மட்டும் இருக்காது."

"பார்த்துக்கிட்டே இருக்கலாம்னு சொல்றீங்க" என்றாள் மலர்.

குகன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாளாக அவர் மனத்தில் ஒரு சின்ன விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. மலர் பணம் அனுப்பிய கணக்கு புத்தம் புதியது. பிணைப்பணம் வாங்குவதற்கென்றே திறந்தது. அவள் அனுப்பியது டாலர் காயின், ஒன்று ஒரு டாலர் மதிப்புள்ளது. அதை அங்கிருந்து நகர்த்த வேண்டுமானால் வேறொரு காயினில் சில்லறை கொஞ்சம் வேண்டும். கார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எண்ணெய் ஊற்றினால்தானே ஓடும், அதுபோல. புதுக் கணக்கில் அந்தச் சில்லறை எங்கிருந்து வந்திருக்கும்?

"எண்ணெய்க் காசு கொடுத்தவன் யாருன்னு பாரு, தாமரை."

தாமரை தட்டினாள். மலர் பணம் கட்டிய அன்று காலையிலேயே வேறொரு கணக்கிலிருந்து அந்தச் சில்லறை வந்து விழுந்திருந்தது. அந்தக் கணக்கு ஒன்றும் புதியதல்ல. வருடக்கணக்காக ஊர்ப்பட்ட பேருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த கணக்கு.

"கோடி கோடியா அடிக்கிறானுங்க, எண்ணெய்க்கு மட்டும் மளிகைக் கடையில கடன் சொல்றானுங்க" என்றாள் தாமரை.

அந்தக் கணக்குக்கும் பெயர் இல்லை. ஆனால் ஓய்வு நாள் இருந்தது. தீபாவளியை ஒட்டிச் சில நாட்கள் அதில் அசைவே இல்லை. தைப்பூசத்தன்றும் இல்லை. அப்படியானால் நம் ஆள்தான் என்றாள் தாமரை. குகன் இன்னும் கொஞ்சம் தோண்டினார். கூட்டரசுப் பிரதேச தினத்தன்று கோலாலம்பூரே விடுமுறையில் கிடந்தபோது அந்தக் கணக்கு சுறுசுறுப்பாக வேலை செய்திருந்தது. பக்கத்துச் சிலாங்கூர் மாநிலச் சுல்தானின் பிறந்தநாள் விடுமுறையிலோ மூச்சே இல்லை.

"கடை சிலாங்கூர்ல இருக்கு" என்றார் குகன். "கடைக்காரன் தமிழன். லீவு நாள்ல ஒழுங்கா கடையைச் சாத்துறவன்."

மீதியைத் தாமரை பார்த்துக்கொண்டாள். ஃபேஸ்புக்கில் டிஜிட்டல் காயின் விற்பதாக விளம்பரம் போட்டிருந்த சிலாங்கூர்த் தமிழர்கள் இரண்டு பேர்தான் கிடைத்தார்கள். இரண்டு பேரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாள். ஒருவன் அனுப்பியது வேறு கணக்கிலிருந்து வந்தது. இன்னொருவன் கிள்ளானில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் லோகன். அவன் அனுப்பிய காயின் வந்து விழுந்ததும் தாமரை நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். அவர்கள் தேடிய அதே கணக்கு.

மலர் தானும் வருவேன் என்றாள். குகனுக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் அவள் அதற்குள் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே நசுங்கினாற்போல் இருந்தது லோகனின் கடை. மலரைச் சாப்பாட்டுக் கடையில் உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். லோகன் முப்பது வயதுக்காரன். கழுத்தில் ருத்திராட்சம், கையில் ஸ்குரூ டிரைவர். யாருடைய போனையோ பிரித்துப் போட்டிருந்தான்.

குகன் சுற்றி வளைக்கவில்லை. உன் கணக்கிலிருந்து போன சில்லறையை வைத்துத்தான் ஒரு கடத்தல் கும்பல் பிணைப்பணத்தை நகர்த்தியிருக்கிறது என்றார். லோகனின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் மேசைக்குக் கீழே எங்கோ உருண்டது. தான் காயின் விற்கிறவன்தான், வாங்குகிறவன் யார் என்று கேட்பதில்லை என்று சொன்னான். மூக்கில் வேர்த்தது. ஆர்டர் டெலிகிராமில் வரும், பணம் பேங்க்கில் ஏறும், காயினை அனுப்பிவிடுவான், அவ்வளவுதான்.

"எண்ணெய் விக்கிறவன், லோரில என்ன ஏத்திக்கிட்டுப் போறாங்கன்னு கேப்பானா பாஸ்?"

"கேக்க மாட்டான்" என்றாள் தாமரை. "ஆனா லோரி நம்பரைக் கேட்டா சொல்லுவான் லா. பேங்க்ல பணம் போட்டவன் பேரைக் காட்டுங்க."

லோகன் போனில் பேங்க் செயலியைத் திறந்து நீட்டினான். மலர் பணம் கட்டிய அந்தக் காலையில் வந்த வரவைக் குகன் தேடி எடுத்தார். அனுப்பியவன் பெயர் முழுசாக இருந்தது.

கிஷன். அவனுடைய அப்பா பெயரோடு.

குகன் பெயரை இரண்டு முறை படித்தார். தாமரை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கடத்தப்பட்டவனே கடத்துனவனுக்கு எண்ணெய் வாங்கிக் குடுக்கிறான். பாஸ், இது கடத்தலா, கூட்டு வியாபாரமா?"

அவருக்கும் அதே எண்ணம்தான். வங்கியில் இருந்த காலத்தில் அவர் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறார். வீங்கிய கன்னம் வேஷமாக இருக்கலாம். அக்காளின் நகைமேல் கண் வைத்த தம்பிகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக் கடையில் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார்.

ஏதாவது தப்பிருக்காதா என்ற நப்பாசையில் அந்த வரவைத் தொட்டு விவரம் முழுவதையும் திறந்தார். நாள், தொகை, பெயர். அதற்குக் கீழே, பணம் எதற்கு என்று அனுப்புகிறவர் குறிப்பெழுதும் சின்னக் கட்டம். வாடகை, சாப்பாடு என்று எல்லாரும் ஏதாவது போடுவார்கள். லோகன் அதைத் திறந்து பார்த்ததே இல்லையாம். தொகை சரியாக வந்ததா என்று மட்டும்தான் பார்ப்பானாம்.

கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது.

அக்கா கட்டாதே.

குகன் அதே பெயரில் வந்த மற்ற வரவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மற்றக் குடும்பங்களுக்கும் ஊர்ப் பெயரோடு எச்சரிக்கை இருந்தது. காஜாங் அண்ணே கட்டாதீங்க. ஸ்ரீ கெம்பாங்கான் ஆன்டி கட்டாதீங்க. ஒன்றில் இடம் போதாமல் பாதியில் நின்றிருந்தது. விடமாட்டானுங்க, பணம் கட்.

விஷயம் குகனுக்கு விளங்கிவிட்டது. பிணைப்பணம் வசூலிக்கும் மேசையில் கிஷனை உட்காரவைத்திருக்கிறார்கள். அவனுடைய பேங்க் கணக்கையும் பிடுங்கி அதன் வழியாகவே செலவு செய்கிறார்கள். அவன் எழுதும் ஒவ்வொரு செய்தியையும் யாரோ படிக்கிறான். படிக்காமல் விட்டது இந்தக் கட்டம் ஒன்றைத்தான். படித்திருந்தாலும் அங்கே எவனுக்கும் தமிழ் புரிந்திருக்காது. எண்ணெய்க் காசு அனுப்பச் சொன்ன ஒவ்வொரு தடவையும், அந்தப் புதுக் கணக்கில் யாரை மொட்டையடிக்கப் போகிறார்களோ அவர்களை அவன் எச்சரித்திருக்கிறான். அந்த எச்சரிக்கையெல்லாம் கிள்ளானில் ஒரு கைப்பேசிக் கடைக்காரனின் போனில் வந்து கிடந்திருக்கிறது.

தாமரை போய் மலரை அழைத்து வந்தாள். குகன் போனை அவளிடம் கொடுத்தார். அவள் குறிப்பையும் அது வந்த நேரத்தையும் பார்த்தாள்.

"நான் மத்தியானம்தான் சார் கட்டுனேன். இது காலையில வந்திருக்கு."

லோகன் தலையைக் குனிந்துகொண்டான். தனக்குத் தெரியாது அக்கா, சத்தியமாகத் தெரியாது என்று முனகினான். மலர் நாற்காலி இருந்தும் உட்காராமல், கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் லோகனின் போன் அவள் கையிலேயே அதிர்ந்தது. அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கிஷன் பெயரில் பணம் ஏறியிருந்தது. டெலிகிராமில் ஒரு புதுக் கணக்கின் எண்ணும் வந்திருந்தது, உடனே அனுப்பு என்ற உத்தரவோடு. தாமரை விவரத்தைத் திறந்து வாசித்தாள்.

"செமினி அம்மா கட்டாதீங்க."

விற்க மாட்டேன் என்று சொல்லிவிடட்டுமா என்று லோகன் கேட்டான். குகன் வேண்டாம் என்றார். இவன் இல்லாவிட்டால் இன்னொருவனிடம் வாங்குவார்கள். கிஷனின் குரல் வருகிற ஒரே வழியும் அடைந்துபோகும். லோகன் சில்லறையை அனுப்பினான்.

குகன் வெளியே வந்து இர்ஃபானைக் கூப்பிட்டார். இர்ஃபான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். அந்த டாலர் காயினை வெளியிடும் நிறுவனம் நினைத்தால் எந்தக் கணக்கையும் பூட்டலாம். பணம் வந்து சேரும் முன்பே எண் கையில் கிடைப்பது அதிர்ஷ்டம். இப்போதே அவசரக் கோரிக்கை அனுப்பினால் பணம் விழுந்ததும் பூட்டிவிடக்கூடும். விழுந்த பிறகு சொன்னால் காகிதம் நகர்வதற்குள் காசு நகர்ந்துவிடும்.

"ஆனா அண்ணே, ஒண்ணு யோசிங்க" என்றார் இர்ஃபான். "பணம் விழுந்த கையோட பூட்டுனா, உள்ள இருந்து ஒருத்தன்தான் சொல்லியிருக்கான்னு அவனுங்களுக்குப் புரியும். எண்ணெய்க் காசு போட்ட பேங்க் கணக்கு யாரு பேருல இருக்கு?"

குகன் கடைக்குள் திரும்பி வந்து, இர்ஃபான் சொன்னதை மலரிடம் ஒளிக்காமல் சொன்னார். சொல்லாமலே பூட்டச் சொல்லியிருக்கலாம். அல்லது அப்படி ஒரு வழி இருப்பதையே மறைத்திருக்கலாம். இரண்டுக்கும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

மலர் தாமரையைப் பார்த்தாள். தாமரை கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பூட்ட வேணாம் சார். என் தம்பியக் கொன்னுருவானுங்க." வாசலைப் பார்த்து நடந்துகொண்டே தொடர்ந்தாள். "அந்த அம்மாவத் தேடுவோம். செமினி என்ன அமெரிக்காவா? தேடுனா கெடைப்பாங்க."

தாமரை மைவி காரை விரட்டினாள். வழியில் குகன் இர்ஃபானிடம் செமினியிலிருந்து காணாமல்போனவர் புகார் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை என்று பதில் வந்தது. போலீசுக்குப் போனால் பிள்ளை பிணமாகத்தான் வருவான் என்று மிரட்டியிருப்பார்கள். பத்துக் குடும்பத்தில் ஒன்பது வாய் திறக்காது. ஃபேஸ்புக்கில் போட்டுத் தேடலாமா என்று தாமரை கேட்டதற்கு குகன் தலையசைத்து மறுத்தார். கும்பலுக்கு வேலையே ஃபேஸ்புக்கில்தான்.

செமினி அவர் நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது. மலைச்சரிவெல்லாம் ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள். எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

"பாஸ், பிள்ளையக் காப்பாத்த அவசரமா காசு வேணும்னா ஒரு அம்மா மொதல்ல எங்க போவாங்க?"

குகனுக்குப் பொறி தட்டியது. "அடகுக் கடைக்கு."

ஊருக்குள் முதல் அடகுக் கடையில் கைவிரித்தார்கள். இரண்டாவதில் கம்பிக்குப் பின்னாலிருந்த சீன மூதாட்டி, வாடிக்கையாளரைப் பற்றிப் பேசுவதில்லை என்று மலாயில் கறாராகச் சொன்னார். மலர் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தன் தம்பியின் வீங்கிய முகத்தைப் போனில் எடுத்துக் காட்டினாள். இப்படி ஒரு பிள்ளைக்காகத்தான் அந்த அம்மா வந்திருப்பார் என்றாள். மூதாட்டி படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஓர் இந்தியப் பெண்மணி சற்று முன்புதான் தாலிக்கொடியைக் கொண்டுவந்தாராம். கை நடுக்கத்தில் கையெழுத்துப் போட முடியாமல் பெருவிரல் ரேகை வைத்தாராம். போகும்போது, போனிலிருந்து டிஜிட்டல் காசு அனுப்பித் தருகிற கடை எங்கே என்று கேட்டாராம். பெயரைக் கேட்டதும் மூதாட்டி தலையை ஆட்டினார். அதைமட்டும் சொல்ல மாட்டார். எதிர்வரிசைக் கடைகளின் பக்கம் கையைக் காட்டினார்.

மூவரும் சாலையைக் குறுக்கே கடந்து ஓடினார்கள். எதிர்வரிசையில் மூன்று கைப்பேசிக் கடைகள். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடைக்காரன் இளைஞன். ஆமாம், ஆன்டி ஒருத்தங்க வந்தாங்க, தெரியலேன்னாங்க, நான்தான் செஞ்சு கொடுத்தேன் என்றான். எப்போது என்று குகன் கேட்டார். இப்பத்தான் பாஸ், வெள்ளைக் கிராப் டாக்சி ஏறிப் போறாங்க என்றான்.

சாலையில் வெள்ளைக் கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

தாமரை நடைபாதையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். லோகன் எண்ணெய் ஊற்றிய அந்தப் புதுக் கணக்கு திரையில் வந்தது. லோகன் அனுப்பியபோது அதில் வெறும் சில்லறைதான். இப்போது அதில் பணம் இருந்தது.

மலர் திரையை ஒரு கணம்தான் பார்த்தாள்.

"பூட்டச் சொல்லுங்க சார்."

குகன் அவளைப் பார்த்தார்.

"பூட்டச் சொல்லுங்க. தாலிக்கொடி சார்."

அவர் இர்ஃபானின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இர்ஃபான் எடுத்து, சொல்லுங்கண்ணே என்றபோது தாமரை மடிக்கணினியை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். கணக்கு காலி. பணம் மூன்றாகப் பிரிந்து மூன்று வேறு கணக்குகளுக்குப் போயிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூன்றும் ஏழாயின. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு போகிறது, எதுவும் மறைவில்லை.

ஒன்றுமில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிக் குகன் போனை வைத்தார். தன் பிழைப்பின்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. கிஷனைச் சந்தேகித்ததைத் தவிர, காலையிலிருந்து அவருடைய ஊகம் ஒன்றுகூடத் தப்பவில்லை. விடுமுறை நாளைச் சரியாகப் பிடித்தார், கடையைச் சரியாகப் பிடித்தார், அடகுக் கடையைச் சரியாகப் பிடித்தார். எல்லாம் சரியாக இருந்து, ஒரு தாலிக்கொடி கண்முன்னே போய்விட்டது.

தாமரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு மடிக்கணினியை மூடினாள். போகலாமா பாஸ் என்றாள்.

மலர் நகரவில்லை. கடைக்கார இளைஞனிடம் திரும்பி, அந்த ஆன்டி எந்தத் தாமான் குடியிருப்புப் பக்கம் போவதாகச் சொன்னார், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்று கேட்டாள். பச்சைச் சேலை, கோயில் பக்கம் வீடு என்று சொன்ன ஞாபகம் என்றான் அவன்.

"மலர், பணம் போயிருச்சு" என்றார் குகன் மெதுவாக.

"தெரியும் சார். இப்பப் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. பையன் வந்துருவான்னு. நானும் அப்படித்தான் ஒக்காந்திருந்தேன். தூங்கல, குளிக்கல." சேலை கட்டிய ஒரு பெண்மணி சாலையைக் கடந்து வருவதை அவள் கண்கள் பின்தொடர்ந்தன. சேலை பச்சையல்ல, ஊதா. "இன்னும் ரெண்டு நாள்ல மறுபடியும் கேப்பானுங்க. அப்ப வீட்டை வைப்பாங்க. அதுக்குள்ள யாராச்சும் சொல்லணும்ல."

அவள் கோயில் இருந்த திசையைக் கேட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். தாமரை குகனைப் பார்த்தாள். குகன் கார்ச் சாவியை அவளிடம் கொடுத்து, காரை எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொன்னார். பிறகு மலருக்குப் பின்னால் அந்த ஒரே மாதிரி வீடுகளுக்குள் நடந்தார். முதல் வீட்டு வாசலில் மலர் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆன்டி, வீட்ல யாரும் இருக்கீங்களா?"